அடித்ததால்தான் உருப்பட்டோம் என்று இனி எழுதாதீர்கள்

பத்தாவது எழுதி முப்பது வருடம் ஆகிறது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஒரே கலகலப்பு. மே மாதம் இரண்டாவது ஞாயிறு பள்ளிக்கூடத்திலேயே கூடுவது, சார்களுக்குச் சால்வை போடுவது, மதியம் சாப்பாடு, ஆளுக்கு ஆயிரத்து ஐநூறு ரூபாய் என்று எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. நானும் பணம் அனுப்பிவிட்டேன், போகத்தான் போகிறேன். நேற்று முன்தினம் ஒருவன், நல்ல நண்பன்தான், ‘அன்னைக்கு வாத்தியார் கம்பெடுத்ததாலதான் இன்னைக்கு நாம உருப்பட்டிருக்கோம், இந்தக் காலத்துப் பிள்ளைகளைத் தொட முடியுமா’ என்று எழுத, வரிசையாகக் கும்பிடும் கையும் இதயமும் விழுந்தன. நானும் விரலைக் கொண்டுபோனேன். அமுக்க மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளிக்கூடம் என்றால் எனக்கு உயிர். கோவில்பட்டி வட்டாரத்தில் கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. அன்றைக்கு எங்கள் மாவட்டத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர், 1997இல்தான் தூத்துக்குடி மாவட்டம் என்று மாற்றினார்கள். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், கரிசல் மண் காலில் அப்பிக்கொண்டு விடவே விடாது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் அடுப்புக்கரியையும் கோவை இலையையும் சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம், கழுவினாலும் அந்தப் பச்சை வாசனை கையில் இருந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் ஐந்தாவதைத் தாண்டியதில்லை. ரேங்க் கார்டில் அம்மா கைநாட்டு வைத்துவிட்டு, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே ‘எய்யா, இதுல நீ எத்தனாவதுன்னு போட்டிருக்கு’ என்று கேட்பாள். அந்த வீட்டிலிருந்து கிளம்பி இன்றைக்குக் கோயம்புத்தூரில் மாதச் சம்பளக்காரனாக இருக்கிறேன் என்றால் அது அந்தப் பள்ளிக்கூடம் போட்ட பிச்சை.

சோறும் போட்டது. எங்கள் ஊரில் இருந்து எட்டயபுரம் பக்கம்தான். காமராஜர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த ஊர் அது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கி, பிறகு பத்தாம் வகுப்பு வரைக்கும் நீட்டினார், அதனால்தான் எனக்குக் கிடைத்தது. முட்டை போடுகிற நாளில் யாரும் லீவு எடுக்க மாட்டோம். எங்கள் சத்துணவு ஆயா ஒருவன் தட்டில் மட்டும் எப்போதும் அரைக் கரண்டி கூடப் போடுவார். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பையன் அவன் என்று அவருக்குத் தெரியும்.

அவனைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அவன் வீட்டில் அம்மா, இரண்டு தங்கச்சி எல்லோரும் தீப்பெட்டி ஒட்டுவார்கள். எங்கள் பக்கம் பாதி வீட்டில் அதுதான் பிழைப்பு. குரோஸ் கணக்கில் கூலி, ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. ராத்திரி சிம்னி விளக்கு வெளிச்சத்தில் அவனும் உட்கார்ந்து ஒட்டிவிட்டுத்தான் படுப்பான். மைதாப் பசை காய்ந்து காய்ந்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடக்கும். வகுப்பில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தோலை மெதுவாகப் பிய்த்துக்கொண்டே இருப்பான். கணக்கு அவனுக்கு நன்றாக வரும், வீட்டுப்பாடம் எழுதத்தான் நேரம் இருக்காது.

நான் வகுப்பு லீடர். சார் வருவதற்குள் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகை ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும், திரும்பப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட வேண்டும், ஒரு குறிக்கு ஒரு அடி. ஒன்பதாவது படிக்கும்போது, அரையாண்டுப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால், ஒருநாள் அவன் முன்னால் இருந்தவனிடம் வீட்டுப்பாட நோட்டைக் கேட்டான். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. நான் எழுதினேன். அவன் என்னைப் பார்த்து ‘டேய், அழிடா’ என்றான், நான் அதற்கும் ஒரு குறி போட்டேன். ஏன் போட்டேன் என்று முப்பது வருடமாக யோசிக்கிறேன். சுண்ணக்கட்டி கையில் இருந்தது, அவ்வளவுதான்.

கணக்கு சார் வந்தார். ‘நீட்டுலே கைய’ என்றார். புளியம் விளார். அவர் உள்ளங்கையில்தான் அடிக்கப் பார்த்தார், அவன் கையைச் சுருக்க, விரல் நுனியில் விழுந்தது. உரிந்த தோல் மேலேயே. அவன் அழவில்லை. இரண்டு கையையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். மத்தியானம் தட்டைப் பிடிக்க முடியாமல் தரையில் வைத்துச் சாப்பிட்டான். அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டான் என்று சொன்னார்கள்.

அந்த ஒரு அடியால்தான் படிப்பை விட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். வறுமைதான் பெரிய காரணம். ஆனால் வீட்டில் ஒட்ட ஆள் வேண்டும் என்று ஒரு பக்கம் இழுக்கும்போது, வந்தால் அடிதான் விழும் என்கிற ஒரு இடத்துக்குப் போராடி வர ஒரு பதினாலு வயதுப் பையனுக்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு எளிது. கணக்கு சாரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அதே சார்தான் அந்த லீவு முடிந்த இரண்டாவது வாரம் சைக்கிளை மிதித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார், என்னையும் பின்னால் உட்காரவைத்து. அவன் அம்மாவிடம் அரைமணி நேரம் நின்றுகொண்டே பேசினார். அவன் வெளியே வரவே இல்லை, உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றான், அவன் கால் எனக்குத் தெரிந்தது. திரும்பி வரும்போது சார் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருடம் எனக்குப் பத்தாவது பரீட்சை ஃபீஸ் கட்டியவரும் அவர்தான். வேப்பமரத்தடியில் இருட்டும்வரை ஒரு பைசா வாங்காமல் எங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர். நான் 500க்கு 412 வாங்கியபோது எங்கள் அம்மாவைவிட அதிகம் சந்தோஷப்பட்டவர். அவரை நான் வெறுக்கவில்லை, வெறுக்கவும் முடியாது. அவர் அன்பும் உண்மை, அந்த விளாரும் உண்மை. இரண்டையும் ஒன்றாக்கி, அன்பால் அடித்தார், அடித்ததால் படித்தோம் என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நான் படித்தது அந்த வேப்பமரத்தடியில். அங்கே அவர் கையில் கம்பு இருந்ததே இல்லை.

ஆறாம் வகுப்பில் நாங்கள் அறுபத்தொரு பேர். குழுவில் சுற்றுகிற பத்தாம் வகுப்பு போட்டோவில் எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டு. கும்பிடும் கை போட்டவர்கள் எல்லோரும் இந்த முப்பத்தெட்டில் இருப்பவர்கள். அடி வாங்கியும் தாக்குப்பிடித்தவர்கள் மட்டும் கூடிக்கொண்டு அடி நல்லது என்று தீர்ப்பு எழுதுகிறோம், மிச்சம் இருபத்து மூன்று பேரை யார் கேட்டது? அதில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். வயதுக்கு வந்த மறுமாதம் நிறுத்திவிடுவார்கள். பள்ளியில் கக்கூஸ் கிடையாது, ஓடைக்கரை வேலிக்கருவைதான் மறைவு, நிறுத்தினதற்கு அதுவும் ஒரு காரணம். விடியுமுன்னால் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஆரன் அடிக்கும், கூடப் படித்த பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் தூக்குச்சட்டியோடு ஏறிப் போவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை உதவித்தொகைப் படிவம் வரும். ‘எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எந்திரிச்சு நில்லுங்க’ என்பார்கள், எண்ணுவார்கள். அவனும் எழுந்து நிற்பான், நான் உட்கார்ந்தே இருப்பேன். அதில் தப்பு இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. யார் யாருக்கு அடி அதிகம் விழுந்தது என்று இப்போது ஒவ்வொரு முகமாக நினைவுக்குக் கொண்டுவந்து பார்க்கிறேன். எழுந்து நின்ற முகங்கள்தான் அதிகம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு எஸ்.சி. மாணவனை, சாதிப் பகையில் வீடு புகுந்து, தடுக்க வந்த தங்கையையும் சேர்த்து, கூடப் படித்தவர்களே வெட்டினார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, வகுப்பில் யாரையும் சாதியைக் குறிப்பிட்டுக் கூப்பிடக் கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் வகுப்புதான் ஞாபகம் வந்தது. எங்களுக்கு அது சாதாரணமாக நடந்த விஷயம், யாரும் வீட்டில்போய்ச் சொன்னதுகூட இல்லை.

இப்போது தொட முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியாது, தொடக் கூடாது. தமிழ்நாட்டில் 2003இலேயே கல்வி விதிகளைத் திருத்தி அடிப்பதைத் தடை செய்தாகிவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடம்பில் அடிப்பதோடு மனதைப் புண்படுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. 2017இல் பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதையும் நிறுத்தினார்கள், அன்றைக்கு நான் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். விடைத்தாளை மார்க் வரிசையில் அடுக்கிவைத்து, முதல் தாளைக் கையில் கொடுத்து, கடைசித் தாளை வீசி எறிகிற வகுப்பில் இருந்து வந்தவன் நான். முதல் தாள் பெரும்பாலும் என்னுடையதாகவே இருந்தாலும் கடைசித் தாள் தரையில் சறுக்கிப் போகிற சத்தம் எனக்கு மறக்கவில்லை.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். போன மாதம் கணக்கில் மார்க் குறைந்துவிட்டது, டீச்சர் கூப்பிட்டு எது புரியவில்லை என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்து சாதாரணமாகச் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நான்தான் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எங்களிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வேப்பமரத்தடியில் சார் கேட்பார், வகுப்புக்குள் ஏனோ கேட்க மாட்டார். ஒரு அறையில் அறுபது பேரைக் கட்டி மேய்க்க அவருக்கும் வேறு வழி யாரும் சொல்லித் தரவில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. அவரை அடித்து வளர்த்தவர் ஒருவர் இருந்திருப்பார்.

இரண்டு வருடம் முன்னால் கோவில்பட்டியில் ஒரு கல்யாணத்தில் சாரைப் பார்த்தேன். கண் பார்வை குறைந்துவிட்டது, குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். என் வேலையைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை. முதலில் கேட்டதே, ‘அந்தப் பையன், கணக்கு நல்லா போடுவானே, இப்ப என்ன செய்றான்?’ என்றுதான். குட்டியானை வண்டி சொந்தமாக ஓட்டுகிறான் சார் என்றேன். ‘சொந்த வண்டியா?’ என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் சாப்பிடப் போகலாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதனால்தான் நண்பர்களே, சார்களுக்குச் சால்வை போடுங்கள், நானும் போடுகிறேன், காலில் விழுந்து கும்பிடவும் செய்வேன். மேடையில் மைக்கைப் பிடித்து அந்த அடிக்கு மட்டும் நன்றி சொல்லாதீர்கள். சாரே அதைக் கேட்டு நிம்மதியாக இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நேற்று ராத்திரி அவனுக்குப் போன் போட்டேன். விழாவுக்கு வாடா என்றேன். ‘நான் எப்படிடா பழைய மாணவன்? ஒம்பதாப்புல பாதியில நின்னவன், போட்டோவுலகூட நான் இல்லையே’ என்றான். கரும்பலகையில் பெயர் எழுதியதைப் பற்றி முதல்முறையாக அவனிடம் பேசினேன், மன்னிச்சுருடா என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, வண்டி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ‘ரெண்டு பெருக்கல் போட்டிருந்த’ என்றான். எனக்கு ஒன்று என்றுதான் ஞாபகம்.

குழுவில் அவன் நம்பரைச் சேர்த்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சாத்தூருக்கு ஒரு லோடு இருக்கிறதாம், இறக்கிவிட்டு நேரம் இருந்தால் பார்க்கிறேன் என்றான்.