சேலத்து வெள்ளைக்கல் எரிமலைச் சாம்பல் அன்று

சேர்வராயன் மலை அணைந்துபோன எரிமலை என்றும், அடிவாரத்தில் வெள்ளை வெளேரெனத் தெரியும் சுண்ணாம்புக் கரடு அது கக்கிய சாம்பல் என்றும் வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

மலையின் சார்னோகைட் பாறை, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி, மேலிருந்தவை அரிபட்டுப்போன பின் வெளியே தெரிந்தது. கரட்டில் நாம் வெள்ளைக்கல் என்று சொல்வது மேக்னசைட். மக்னீசியம் மிகுந்த ட்யூனைட் பாறை சிதைந்தபோது, அதன் விரிசல்களில் நரம்பு நரம்பாகப் படிந்த கார்பனேட் அது. வானிலிருந்து விழுந்த சாம்பலோ நிலத்தின் மேல் போர்வையாகப் படியும். வெள்ளைக்கல்லைப் பொடித்து, சூடான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும். புதிய எரிமலைச் சாம்பல் அப்படிப் பொங்காது. நுண்ணோக்கியில் அது உடைந்த குமிழிகளின் வளைந்த கண்ணாடிச் சில்லுகளாகத் தெரியும்.

அத்தகைய சாம்பல் இந்தியாவில் இல்லாமல் இல்லை. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது காற்றில் வந்த சாம்பல், ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் இன்றும் வெண்ணிறப் படிவாக இருக்கிறது. நிறம் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றெனப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள் எனக் கேட்டுக்கொள்கிறேன்.