முதல் மணி நேரமும் மூன்றாம் நாளும்

கண்டதற்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் சாப்பிடக் கூடாது என்ற அறிவுரை பலரையும் சென்று சேர்ந்திருப்பது நல்லதுதான். ஆனால் கீமோ முடிந்து கவுண்ட் (ரத்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை) இறங்கியிருக்கும் ரத்தப் புற்றுநோயாளி ஒருவர் அதை மனத்தில் வைத்து, காய்ச்சலுக்கு ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடிந்ததும் பார்க்கலாம் என்று படுத்துவிட்டால், விடிவதற்குள் ரத்த அழுத்தம் சரிந்து ஐசியூவில் கிடக்க நேரலாம். இவர்களைப் பொறுத்தவரை ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கத் தயங்கக் கூடாது, நிறுத்தப் பயப்படவும் கூடாது என்பது என் கருத்து. நடப்பதோ பல நேரங்களில் இதற்குத் தலைகீழாக இருக்கிறது.

கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான நியூட்ரோபில்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போனால், தொற்று இருந்தும் சீழ் பிடிக்காது, பெரிதாக வீங்காது, நிமோனியாகூட எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாமல் போகலாம். அந்த அடையாளங்களை உண்டாக்கும் அணுக்களே அங்கு இல்லை. மிஞ்சும் எச்சரிக்கை பெரும்பாலும் காய்ச்சல் மட்டுமே, ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குச் சில சமயம் அதுவும் இருக்காது. ஆகவே, ஒருமுறை 101 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலோ, 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் நரம்பு வழியாக ஏற வேண்டும். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவுக்காகக் காத்திருந்த காலத்தில், சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ரத்தத்தில் கலந்தவர்கள் பலர் அந்த முடிவு வருவதற்குள் இறந்தார்கள். காத்திராமல் கார்பெனிசிலின், ஜென்டாமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளையும் சேர்த்துத் தொடங்கிய அமெரிக்க மருத்துவர்களின் ஆய்வு 1971இல் வெளிவந்த பிறகு, உடனே தொடங்குவதே வழக்கமாயிற்று.

மருந்து ஏறுவதற்கு முன் ரத்தக் கல்ச்சர் எடுத்தாக வேண்டும்: பெரிய ரத்தக் குழாயில் பொருத்தியிருக்கும் சென்ட்ரல் லைனின் ஒவ்வொரு குழாயிலிருந்தும், கை நரம்பிலிருந்தும் தனித்தனியாக, பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு எட்டு முதல் பத்து மில்லி வரை. அரைகுறையாக நிரப்பிய பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். மூன்றாம் நாள் எடுக்க வேண்டிய முடிவு அந்தச் சில மில்லி ரத்தத்தை நம்பித்தான் இருக்கிறது.

அந்த மூன்றாம் நாளில்தான் நாம் தடுமாறுகிறோம். காய்ச்சல் இறங்கி, கல்ச்சரில் எதுவும் வளராமல், நோயாளி தெளிவாக இருந்தாலும், கவுண்ட் ஏறும்வரை மெரோபெனெம் என்ற வீரியமான ஆன்டிபயாட்டிக் ஓடட்டும் என்று விட்டுவிடுகிறோம். அக்யூட் மைலாய்டு லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோயின் முதல் கட்டக் கீமோவுக்குப் பிறகு கவுண்ட் ஏற மூன்று, நான்கு வாரம்கூட ஆகலாம். காய்ச்சல் விட்டு 72 மணி நேரம் கடந்து உடல்நிலையும் தேறியவர்களுக்கு, கவுண்டைப் பாராமல் மருந்தை நிறுத்தலாம் என்று 2017இல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வு காட்டியது. ரத்தத்தில் கிருமி வளர்ந்தவர்களுக்கும் நிமோனியா உள்ளவர்களுக்கும் முழுக் கோர்ஸ் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. நிறுத்தியவர்களையும் கண்காணிப்பிலேயே வைத்து, காய்ச்சல் திரும்பினால் அந்த நிமிடமே மீண்டும் தொடங்க வேண்டும்.

காய்ச்சல் இறங்காவிட்டால் வேறொரு நெருக்கடி வருகிறது. இரண்டாம் நாளே "இன்னும் பெரிய மருந்தாகப் போடுங்கள்" என்று உறவினர்கள் கேட்பார்கள். மருத்துவரும் வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கைச் சேர்ப்பார். இந்த நோயாளிகளுக்குச் சரியான மருந்து ஏறினாலும் காய்ச்சல் அடங்க ஐந்து நாள் வரை ஆவது சாதாரணம். ரத்த அழுத்தமும் மூச்சும் சீராக இருந்தால், காய்ச்சலை மட்டும் வைத்து மருந்தை மாற்றத் தேவையில்லை. நான்கைந்து நாள் தாண்டினால் பூஞ்சைத் தொற்றைத் தேட வேண்டும்.

மருந்துக்கு அடங்காத கிருமிகள் என்றதும் எதிர்காலத் தலைமுறையின் கவலைபோலப் பேசுகிறோம். இங்கே விலை கொடுப்பவர் அதே நோயாளிதான். தேவையில்லாமல் நீளும் ஒவ்வொரு நாளும் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களை அழிக்கிறது. அந்த இடத்தில் மெரோபெனெமுக்கும் அடங்காத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வந்து குடியேறலாம், கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற இன்னொரு பாக்டீரியா தலைதூக்கி வயிற்றுப்போக்கு தொடங்கலாம். அடுத்த கீமோவில் கவுண்ட் மறுபடி இறங்கி, குடலின் உட்சுவர் புண்ணாகும்போது, ரத்தத்துக்குள் நுழைவது அந்தக் கிளெப்சியெல்லாவாகவே இருக்கலாம். அப்போது கையில் எஞ்சுவது சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் கொலிஸ்டின் போன்ற ஓரிரு மருந்துகள்.

எனவே நோயாளியின் குடும்பத்தார் மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில் தயங்காமல் கேளுங்கள்: கல்ச்சரில் என்ன வந்தது, இந்த மருந்து எதற்காகத் தொடர்கிறது, எப்போது நிறுத்துவீர்கள்? டிஸ்சார்ஜ் ஆகும்போது, முன்பு வளர்ந்த கிருமியின் பெயரும் அது எந்தெந்த மருந்துகளுக்கு அடங்கவில்லை என்பதும் அறிக்கையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தாளின் நகலை எப்போதும் கையில் வைத்திருங்கள். அடுத்த காய்ச்சலில், நள்ளிரவு கேஷுவாலிட்டியில் உங்களை முன்பின் பார்த்திராத டியூட்டி டாக்டர் அதைப் பார்த்துத்தான் முதல் டோஸைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.