ரோடு மேப்புக்கு 2 மதிப்பெண்

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் 'ரோடு மேப்' என்று ஒரு கேள்வி வரும். படத்தைப் பார்த்து வழி எழுத வேண்டும், 2 மதிப்பெண். 'கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் லெஃப்ட்' என்று பிள்ளைகள் உருப்போட்டு வைத்திருப்பார்கள். படத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தாலும் சிலர் லெஃப்ட் என்றே எழுதுவார்கள்.

கடலூரில் ஆங்கிலம் நடத்தும் எனக்கு இது வருடா வருடம் உறுத்தும். இந்தப் பருவம் எட்டாம் வகுப்பில் வேறு மாதிரி செய்து பார்த்தேன். இருவரை முதுகோடு முதுகாக உட்கார வைத்தேன். ஒருவர் கையில் ஒரு சீட்டு. அதில் ஊரிலுள்ள ஓர் இடம். திருப்பாப்புலியூர் பேருந்து நிலையத்திலிருந்து அங்கே போக, இடத்தின் பெயரைச் சொல்லாமல் ஆங்கிலத்தில் வழி சொல்ல வேண்டும். மற்றவர் கேட்டுக்கொண்டே படம் வரைந்து எந்த இடம் என்று கண்டுபிடிக்க வேண்டும். புரியாவிட்டால் திருப்பிக் கேட்கலாம், அதுவும் ஆங்கிலத்தில்தான்.

எப்போதும் தொண்ணூறுக்கு மேல் வாங்கும் ஒரு பெண், 'விச் சைட் பிரிட்ஜ்?' என்று தோழி கேட்டதும் அப்படியே நின்றுவிட்டாள். அவள் படித்து வந்ததில் அந்தக் கேள்வி இல்லை. இன்னொரு பையன் 'ரிவர் கம், ரிவர் கிராஸ்' என்றான். கேட்டவன் சரியாக மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தான். அதற்காக வழி சொன்னவனுக்கு முழு மதிப்பெண் போடவில்லை. வழி போய்ச் சேர்ந்ததற்கு 10, தடுமாறும்போது கேட்டும் மாற்றிச் சொல்லியும் சமாளிப்பதற்கு 5, மொழிக்கு 5 என்று முன்கூட்டியே பலகையில் எழுதியிருந்தேன். மொழியில் அவனுக்கு 1தான். மறுவாரம் அவனே வந்து இன்னொரு முறை சொல்கிறேன் என்றான். 'ஆஃப்டர் யூ கிராஸ் த ரிவர்' என்று ஆரம்பித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாற்பது பேரை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். ஒரு நாளைக்கு நான்கு ஜோடி, ஐந்து நாளில் முடிந்தது. 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த வளரறி மதிப்பீட்டில், அதாவது பருவத்தின் நடுவே வகுப்பிலேயே ஆசிரியர் செய்யும் மதிப்பீட்டில், 40 மதிப்பெண் நம் கையில்தானே இருக்கிறது? அதைச் சார்ட்டில் படம் ஒட்டுவதற்கே கொடுத்துத் தீர்க்கிறோம். பாதி சார்ட் அம்மாக்கள் செய்தது.

பத்தாம் வகுப்பில்தான் சிக்கல். நம் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 100ம் எழுத்துக்கே. பக்கத்துப் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மாறியிருக்கும் சி.பி.எஸ்.இ.யில் 20 மதிப்பெண் பள்ளியிடம் இருக்கிறது. இங்கேயும் ஒரு 10 மதிப்பெண்ணையாவது கேட்கவும் பேசவும் ஒதுக்குங்கள். புதுச்சேரி ஆசிரியர்கள் அந்த 20ஐ எப்படிப் போடுகிறீர்கள்? முக்கியமாக, படம் வரைகிற பிள்ளைக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சொல்லுங்கள்.