கிளார்க் கென்ட் எதற்கு?

சூப்பர் ஹீரோ ஏன் தான் யாரென்று மறைக்கிறான் என்று கேட்டால், வீட்டில் இருப்பவர்களை வில்லன்களிடமிருந்து காப்பாற்றத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஸ்பைடர்மேனுக்கு இது சரி. பீட்டர் பார்க்கரை வளர்த்த பெரியம்மா மேவுக்கு இதயம் பலவீனம். உண்மை தெரிந்தாலே தாங்க மாட்டார் என்று அவன் பயப்படுகிறான். 1966இல் கிரீன் காப்ளின் என்ற வில்லன் அவன் பின்னாலேயே போய் அவன் யாரென்று கண்டுபிடித்துவிடுகிறான். 1973இல் பீட்டர் காதலித்த க்வென் ஸ்டேசியைப் பாலத்தின் மேலிருந்து தள்ளிவிடுகிறான். அந்த இதழைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் கிளார்க் கென்ட் என்ற சாதாரண நிருபராக நடமாடும் சூப்பர்மேன்? 1938இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் கொண்டுவந்த அந்த முதல் சூப்பர்மேனுக்குக் காப்பாற்றக் குடும்பமே கிடையாது. முதல் இதழில் அவன் அனாதை இல்லத்தில் விடப்பட்ட குழந்தை. அடுத்த வருடம் வளர்ப்புப் பெற்றோர் வருகிறார்கள், அவன் வளர்ந்ததும் இறந்தும் போகிறார்கள். அப்புறம் யாருக்காக இந்த மறைப்பு?

போலீஸ் ஒரு காரணம். ஆரம்பக் கதைகளில் அவன் சட்டத்தை மதிப்பவனே இல்லை. அரசாங்கம் நல்ல வீடுகள் கட்டித்தர வேண்டும் என்பதற்காக ஒரு சேரியையே இடித்துத் தள்ளுகிறான், படையே அவனைத் துரத்துகிறது. இன்னொரு காரணம் பத்திரிகை வேலை: எங்கே என்ன நடந்தாலும் நிருபருக்கு முதலில் தெரிந்துவிடும்.

சரி, அதற்கு நிருபராக இருந்தால் போதுமே. கோழையாக ஏன் நடிக்க வேண்டும்?

முதல் இதழிலேயே அந்த நடன விடுதிக் காட்சி இருக்கிறது. கிளார்க், கூட வேலை செய்யும் லோயிஸ் லேனை அழைத்துப் போகிறான். ஒரு முரடன் குறுக்கே வந்து, தன்னோடு ஆட வரும்படி அவளை வற்புறுத்துகிறான். கிளார்க் பயந்தவன்போல ஒதுங்குகிறான். லோயிஸ் அந்த முரடனை அறைந்துவிட்டு, கிளார்க்கைக் கோழை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு டாக்ஸியில் ஏறிப் போகிறாள். முரடனின் கூட்டம் அவளைக் கடத்துகிறது, சூப்பர்மேன் வந்து மீட்கிறான். அட்டைப்படத்தில் காரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறானே, அது இந்தக் காரைத்தான்.

தன் பலத்துக்காக இல்லாமல், வெறும் கிளார்க்காகவே ஒருத்திக்குத் தன்னைப் பிடிக்க வேண்டும் என்று அவன் ஏங்குகிறான். கிளார்க் அதற்குத்தான் என்பது என் உறுதியான எண்ணம். பெண்கள் கண்ணில் படாமலேயே போன தன் இளமைக் கூச்சத்திலிருந்து பிறந்தவன்தான் கிளார்க் என்று சீகலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2008இல் வந்த அயர்ன்மேன் படத்தின் முடிவில் டோனி ஸ்டார்க் தான்தான் அயர்ன்மேன் என்று பத்திரிகையாளர்கள் முன்னால் போட்டு உடைத்தபோது தியேட்டரே கை தட்டியது. எனக்கோ எதையோ பறிகொடுத்த மாதிரி இருந்தது. அவனை அயர்ன்மேன் என்று தெரியாமல் இனி யாரும் அவனோடு பழக முடியாதே!

மறுநாள் காலை அலுவலகத்தில், நேற்று நடந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே என்று கிளார்க் கெஞ்சுகிறான். முந்தின இரவு அவள் உயிரைக் காப்பாற்றியவன் அவன்தான். லோயிஸ் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை.