முப்பது வினாடியில் ஒரு தீர்ப்பு

வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் நேற்றும் அதே சண்டைதான். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் படங்களுக்குப் போடும் பின்னணி இசை நல்லதா, மோசமா? "அதுல மாஸே இல்ல மக்கா, கேட்டியா" என்று ஒரு அண்ணன் போனை டீ கிளாஸில் சாய்த்து வைத்து ஏதோ ஒரு ஹீரோ என்ட்ரியை ஓடவிட்டார். முப்பது வினாடி. அதிலும் பாதியைத் திருவட்டாறு பஸ்ஸின் ஹாரன் தின்றுவிட்டது. அதோடு தீர்ப்பும் சொல்லியாயிற்று!

எனக்கு ஆத்திரமாக வருகிறது. காட்சியிலிருந்து பிய்த்து எடுத்த இசையை எப்படி எடை போடுவது? 2012இல் 'அட்டகத்தி'யில் கானாவோடு வந்தவர், 2018இல் 'பரியேறும் பெருமாள்' செய்தார். செத்துப்போன நாய்க்காக எழும் அந்தக் 'கருப்பி' பாட்டில் ஒப்பாரி எங்கே முடிகிறது, கோபம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது. நம்ம ஊர் சாவு வீட்டு வாசலில் நின்றவனுக்கு அது நெஞ்சில் இறங்கும். சரி, அவருடைய எல்லாப் படமும் அப்படி இல்லை. சிலதில் வசனத்தையே அமுக்கிவிடுவார். அதைச் சொல்லிச் சண்டை போடட்டும், நானும் உட்காருகிறேன்.

அப்புறம் தியேட்டர். இசை நின்று, படம் மூச்சடக்கி நிற்கிற இடத்தில்தான் பின் சீட்டுக்காரர் போனை எடுத்து "படத்துல இருக்கேன், சொல்லு" என்கிறார். அந்த அமைதியும் இசையமைப்பாளர் யோசித்து வைத்ததுதானே! வெளியே வந்ததும், "பிஜிஎம் ஒண்ணும் இல்ல" என்று முதலில் சொன்னதும் அவரேதான்.