எளிதுதான் என்றவர்கள் எல்லோரும் வரிசையில் வரவும்

இன்று இன்னொருவர் சொல்லிவிட்டார்: "கெர்னல் கம்பைல் செய்வதா? நாலே கட்டளைகள்தானே!" ஆமாம் ஐயா, லினக்ஸ் இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலை அதன் மூலநிரலிலிருந்து நாமே கட்டியெடுக்க நாலே கட்டளைகள்தான். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் என்னென்ன வெடிக்கும் என்று சொல்வதற்கு மட்டும் இந்தப் பூமியில் ஆள் கிடையாது. 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை அறிவித்தபோதே "வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் இருக்காது" என்றுதான் எழுதினார். அன்று ஆரம்பித்த வியாதி இன்னும் யாருக்கும் தீரவில்லை.

உதவி கேட்டால் முதலில் விசாரணை. "எதற்காக நீங்களே கம்பைல் செய்கிறீர்கள்?" லேப்டாப் ஸ்பீக்கர் ஊமையாகக் கிடக்கிறது, அதற்கான திருத்தம் புதிய கெர்னலில்தான் வந்திருக்கிறது, அதனால் செய்கிறேன். போதுமா? போதாது. "ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளலாமே" என்கிறார்கள்.

சரி, வழிகாட்டி எதையாவது படிக்கலாம் என்று தேடினால் 'மேக் டெப்' என்ற கட்டளையில் தொடங்கி, லைலோ என்ற பழங்காலப் பூட்லோடரில் முடிகிறது. 2003 டிசம்பரில் கெர்னல் 2.6 வந்தபோதே வழக்கொழிந்தது அந்த 'மேக் டெப்'. அதைப் படித்துவிட்டு, கெர்னலில் எது வேண்டும் வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகன்ஃபிக் திரைக்குப் போனால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தேர்வுகள். உதவிப் பொத்தானை அழுத்தினால் "உறுதியாகத் தெரியாவிட்டால் இல்லை என்று சொல்" என்று உபதேசம். எனக்கு எதுதான் உறுதியாகத் தெரியும்? தெரியாத எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொன்னால் வட்டைப் படிக்க டிரைவர் இல்லாத கெர்னல்தான் மிஞ்சும். ரூட் கோப்பு முறையை, அதாவது கணினியின் முதன்மைக் கோப்புகள் இருக்கும் இடத்தை, மவுண்ட் செய்ய முடியவில்லை என்று அலறிவிட்டு அதுவும் செத்துப்போகும்.

தேவையான பொதிகளையாவது மொத்தமாகக் கேட்கிறதா? அதுவும் இல்லை. ஃப்ளெக்ஸ் இல்லை என்று நிற்கும். நிறுவினால் பைசன் இல்லை. அதை நிறுவினால் லிப்எல்ஃப். பிறகு ஓப்பன்எஸ்எஸ்எல் தலைப்புக் கோப்புகள். கடைசியில் பிசி, அதாவது கணக்குப் போடும் ஒரு சின்ன நிரல். ஒரே மூச்சில் ஐந்தையும் கேட்டிருந்தால் யார் மானம் போயிருக்கும்?

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அந்தச் சான்றிதழ் விவகாரத்தைச் சொல்லாமல் விடமாட்டேன்.

பூட் கோப்புறையில் இருக்கும் பழைய கன்ஃபிக் கோப்பை (இப்போதைய கெர்னலின் தேர்வுப் பட்டியல்) நகலெடுத்து, புதிய தேர்வுகளுக்கு இயல்பு விடைகளைப் போட்டுக்கொள்ளும் 'ஓல்ட்டெஃப்கன்ஃபிக்' ஓட்டு என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஓட்டினேன். "பிராசசரின் எல்லாக் கோர்களையும் பயன்படுத்து, சீக்கிரம் முடியும்" என்றார்கள். பயன்படுத்தினேன். திரையில் வரிகள் அருவியாகக் கொட்டின. திடீரென்று "முடியாத வேலைகளுக்காகக் காத்திருக்கிறேன்" என்றது. பிறகு "பிழை 2" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது. லினக்ஸில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு மூத்தவரிடம் போனேன்.

"அண்ணா, கம்பைல் பாதியில் நின்றுவிட்டது."

"என்ன பிழை?"

"பிழை 2."

"அது பிழையே இல்லையே. மேலே பாருங்கள்."

"எவ்வளவு மேலே?"

"வரும்வரை."

போனேன், மேலே மேலே போனேன். டெர்மினல் அவ்வளவு வரிகளை நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பதுதான் தெரிந்தது. பல கோர்களை விட்டுவிட்டு வெறும் 'மேக்' என்று கட்டளை கொடுத்து மறுபடியும் ஓட்டினால் கடைசியிலேயே பிழை பளிச்சென்று தெரியும் என்பதை அவர் சொல்லவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன். ஏதோ ஒரு சான்றிதழ்க் கோப்பை உருவாக்க விதி இல்லையாம். எனக்கும் அந்தக் கோப்புக்கும் என்ன சம்பந்தம்? டிஸ்ட்ரோக்காரர்கள், அதாவது லினக்ஸைத் தொகுத்து வெளியிடுபவர்கள், தங்கள் கன்ஃபிக்கில் தங்கள் சான்றிதழின் இருப்பிடத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய மூலநிரல் பொதியில் அந்தக் கோப்பு இருக்கும், மூல கெர்னலில் இருக்காது. ஆக, உலகமே ஒரு குரலில் சொன்ன அந்த ஒரே அறிவுரைதான் இந்தக் குண்டை வைத்தது!

மூத்தவரிடம் மறுபடியும் போனேன். "ஓ, அதுவா? எனக்கும் வந்தது. ஏதோ செய்தேன், சரியாகிவிட்டது" என்றார். ஏதோ! அந்த ஏதோவைத்தானே அண்ணா கேட்டு வந்திருக்கிறேன்? "ஆவணங்களைப் படியுங்கள், எல்லாம் இருக்கிறது" என்றார். உப்பு எங்கே என்று கேட்டவனுக்குக் கடல் இருக்கும் திசையைக் காட்டுகிறார். கெர்னல் பக்கத்து ஆட்களைக் கேட்டால் டிஸ்ட்ரோவைக் கேள் என்கிறார்கள். டிஸ்ட்ரோ பக்கம் போனால், சொந்தமாகக் கட்டிய கெர்னலுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்கிறார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கன்ஃபிக்கில் 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்' என்ற வரியில் மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதை அழித்து வெறுமையாக விடவேண்டும். ஒரே வரி. அழித்தேன். உடனே அடுத்த பிழை, ரத்து செய்யப்பட்ட சான்றிதழ்களின் கோப்பைக் காணோமாம். நம்பும் சாவிகளுக்கு ஒரு வரி, நம்பாத சாவிகளுக்கு 'சிஸ்டம் ரெவொகேஷன் கீஸ்' என்று இன்னொரு வரி. இரண்டையும் சேர்த்து ஒருவராவது சொன்னாரா?

அதைத் தாண்டினால் பாஹோல் என்ற நிரல் இல்லை. சில டிஸ்ட்ரோக்களில் அது ட்வார்வ்ஸ் என்ற பொதிக்குள் ஒளிந்திருக்கிறது. அதையும் தாண்டினால், பிழைதிருத்தத் தகவல்களோடு மாட்யூல்கள் (கெர்னலில் தனியாக ஏற்றப்படும் துண்டுகள்) ஊதிப்போய்ப் பூட் பகிர்வு நிரம்பிவிட்டது. நிறுவும்போது அந்தத் தகவல்களை உரித்தெடுக்கும் மாறி ஒன்று இருக்கிறது, அதையும் கேட்காமல் யாரும் சொல்வதில்லை. எல்லாம் முடிந்து மறுதொடக்கம் செய்தால், கையொப்பம் இட்டதை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட், என் கெர்னலை உள்ளேயே விடவில்லை. கையொப்பம் இல்லையாம்! சான்றிதழ் இல்லாமல் கட்டமாட்டேன் என்று அடம்பிடித்தது ஒன்று, சான்றிதழ் இல்லாமல் ஏற்றமாட்டேன் என்பது இன்னொன்று. இதற்கு மேல் கோபப்படத் தெம்பில்லை, உட்கார்ந்து சிரித்தேன்.

சிரிக்கவாவது விடுகிறார்களா? மேல்மாடியில் மோட்டாரைப் போட்டுவிட்டு யாரோ தூங்கப் போய்விட்டார்கள். தொட்டி நிரம்பிக் கொட்டுகிறது, துவைத்துக் காயப்போட்ட என் சட்டைகள் மீதே கொட்டுகிறது. கதவைத் தட்டினால் "தானாக நிற்கும் கருவி மாட்டியிருக்கிறோமே" என்பார்கள். மாட்டியிருக்கிறார்களாம்!