கெட்டிஸ்பர்க்கை விட எனக்கு விக்ஸ்பர்க்தான் பெரிது

அமெரிக்க உள்நாட்டுப் போர் என்று பேச்செடுத்தாலே கெட்டிஸ்பர்க்தான் முதலில் வரும். போர் திரும்பியது அங்கேதான் என்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த நாட்டின் ஆறுகளை மட்டும் காட்டும் ஒரு வரைபடத்தை விரித்து வைத்து, சண்டை நடந்த ஊர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தபோது அந்த நம்பிக்கை போய்விட்டது. 1863 ஜூலை 3 அன்று பென்சில்வேனியாவில் முடிந்த சண்டையை விட, மறுநாளே மிசிசிப்பி ஆற்றங்கரையில் விழுந்த விக்ஸ்பர்க்தான், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் முதுகெலும்பை உடைத்தது.

கெட்டிஸ்பர்க்கைக் குறைத்துப் பேசவில்லை. மூன்றே நாளில் இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 51,000 பேர் இறந்தார்கள், காயம்பட்டார்கள், பிடிபட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். மூன்றாம் நாள் சுமார் 12,500 தெற்கு வீரர்களைத் திறந்த வயல்வெளியில் நேராகப் பீரங்கிகளுக்கு எதிரே நடக்கவிட்டார் தெற்கின் தளபதி ராபர்ட் லீ. அதைப் படிக்கும்போது இன்றைக்கும் மனசு கனக்கிறது. ஆனால் அப்புறம் என்ன ஆனது? லீ தன் படையைக் கூட்டிக்கொண்டு வர்ஜீனியாவுக்குத் திரும்பினார். அந்தப் படை இன்னும் 21 மாதம் சண்டை போட்டது.

விக்ஸ்பர்க்கில் ஒரு படையே இல்லாமல் போனது. சுமார் 29,500 பேர் ஒரே நாளில் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள்.

இதன் கனம் தெரிய வேண்டுமானால் ஆறுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். தெற்கில் ரயில் பாதை குறைவு. சரக்கும் படையும் பெரும்பாலும் ஆற்று வழியாகத்தான் போய் வந்தன. போர் தொடங்கிய 1861-லேயே வடக்கின் முதிய தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட் இதைச் சொல்லிவிட்டார்: கடற்கரையை அடைத்துவிடு, மிசிசிப்பியைப் பிடி, தெற்கு தானாகவே மூச்சு திணறும். இரையைச் சுற்றி நெரிக்கும் மலைப்பாம்பின் பெயரால் பத்திரிகைகள் அனகோண்டா திட்டம் என்று பெயர் வைத்துக் கேலி செய்தன. கடைசியில் நடந்தது ஏறக்குறைய அதுதான். 1862 பிப்ரவரியில் டென்னசி ஆற்றில் ஹென்றி கோட்டை, கம்பர்லாந்து ஆற்றில் டோனல்சன் கோட்டை இரண்டும் பத்தே நாள் இடைவெளியில் விழுந்தன. அந்த மாதம் முடிவதற்குள் நாஷ்வில் நகரம் போயிற்று. ஏப்ரல் கடைசியில் வடக்கின் தளபதி ஃபாராகட்டின் கடற்படையிடம் நியூ ஆர்லியன்ஸ் வீழ்ந்தது. பேர் வாங்கும் சண்டைகள் கிழக்கே நடந்துகொண்டிருந்தபோது, தெற்கின் கதவுகள் மேற்கே ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன.

மிச்சமிருந்த பெரிய பூட்டு விக்ஸ்பர்க். ஆறு கொண்டை ஊசி போல வளையும் இடத்தில், உயரமான மேட்டின் மேல் இருந்த ஊர். மேலே பீரங்கிகள், வடக்கே சதுப்பு நிலம். குளிர்காலம் முழுக்க வடக்கின் தளபதி கிராண்ட் கால்வாய் வெட்டிப் பார்த்தார், சதுப்புக்குள் புகுந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் எடுத்த முடிவை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பு அடங்கவில்லை. படையை ஆற்றின் மேற்குக் கரை வழியாகத் தெற்கே நடத்திக்கொண்டு போனார். 1863 ஏப்ரல் 16 இரவு வடக்கின் கடற்படைத் தளபதி போர்ட்டரின் படகுகள் அந்தப் பீரங்கிகளுக்கு நேர் கீழே குண்டு மழையில் கடந்து போயின. ஏப்ரல் 30 அன்று புருயின்ஸ்பர்க்கில் படை ஆற்றைத் தாண்டிக் கிழக்குக் கரையில் இறங்கியது. முதுகுக்குப் பின்னால் பெரிய ஆறு, நம்பக்கூடிய சப்ளை பாதை கிடையாது. தோற்றிருந்தால் பின்வாங்கவே வழியில்லை.

நேராக விக்ஸ்பர்க்குக்கும் அவர் போகவில்லை. முதலில் கிழக்கே போய் மாநிலத் தலைநகர் ஜாக்சனைப் பிடித்து, உதவி வரும் ரயில் பாதையை அறுத்தார். அப்புறம்தான் மேற்கே திரும்பினார். மே 1 முதல் 17 வரை ஐந்து சண்டை, ஐந்திலும் வெற்றி. அவற்றில் சாம்பியன் ஹில் சண்டைதான் கணக்கைத் தீர்த்தது என்பேன். அங்கே தோற்ற தெற்கின் தளபதி பெம்பர்ட்டன் தன் படையோடு ஊருக்குள் ஒதுங்கினார், பிறகு வெளியே வரவே முடியவில்லை. (பெம்பர்ட்டன் பிறந்தது வடக்கில், ஃபிலடெல்ஃபியாவில். மனைவி வர்ஜீனியாக்காரர். தெற்குக்காகப் போராடியும் தெற்கில் பலர் கடைசிவரை அவரைச் சந்தேகித்தார்கள்.)

மே 19, 22 என இருமுறை கிராண்ட் மோதிப் பார்த்தார், இருமுறையும் பலத்த அடி. பிறகு முற்றுகை. 47 நாள். ஊர் மக்கள் மேட்டைக் குடைந்து குகைகளில் குடியிருந்தார்கள். கோவேறு கழுதைக் கறி சாப்பிட்டார்கள். காகிதம் தீர்ந்துபோய் உள்ளூர் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டும் தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டார்கள். ஜூலை 4 சரண். ஐந்து நாளில், ஆற்றின் மேல் தெற்கிடம் மிச்சமிருந்த கடைசிக் கோட்டையான போர்ட் ஹட்சனும் விழ, மிசிசிப்பி முழுவதும் வடக்கின் கையில். டெக்சாஸ், ஆர்கன்சா, லூசியானாவின் பெரும்பகுதி மற்ற தெற்கு மாநிலங்களிலிருந்து துண்டாகிப் போயின.

கிழக்கில் ஒரு சண்டையைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் நான் ஆன்டீட்டத்தைச் சொல்வேன். 1862 செப்டம்பர் 17, ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்த்து 22,000-க்கு மேல் இழப்பு. வடக்குக்குக் கிடைத்த அந்த வெற்றி இல்லாமல் அதிபர் லிங்கன் ஐந்து நாள் கழித்து அடிமை விடுதலைக்கான முதற்கட்ட அறிவிப்பை வெளியிட்டிருப்பாரா? எனக்குத் தோன்றவில்லை.

அந்த அறிவிப்பின் பலன் விக்ஸ்பர்க் முற்றுகையிலேயே தெரிந்தது. ஜூன் 7 அன்று, ஆற்றின் எதிர்க்கரையில் மில்லிகன்ஸ் பெண்டில் தெற்குப் படை தாக்கியபோது, எதிர்த்து நின்றவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களுக்கு முன்புவரை அடிமைகளாக இருந்த கறுப்பின வீரர்கள். பயிற்சி சரியாக முடியவில்லை. துப்பாக்கி சுடவே அப்போதுதான் பழகியிருந்தார்கள். துப்பாக்கி முனைக் கத்தியால் கைக்கு கை சண்டையிட்டு இடத்தைக் காப்பாற்றினார்கள். கெட்டிஸ்பர்க்கின் ஒவ்வொரு குன்றுக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இந்த ஆட்களுக்கு எத்தனை பக்கம் கிடைத்தது?

விக்ஸ்பர்க் தேசியக் கல்லறையில் வடக்குப் படையினர் சுமார் 17,000 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கறுப்பின வீரர்கள் அதில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மொத்தத்தில் முக்கால்வாசிக் கல்லறைகளில் பெயர் இல்லை, எண் மட்டும்தான்.